அரிசியும் பொற்காசும்

(கடலூரை அடுத்த திருவந்திபுரத்தில் நடைபெற்ற இயக்க ஊழியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கெடிலம் ஆற்றங்கரையிலே அமைந்துள்ள இந்தத் திருவந்திபுரத்துக்கு மக்கள் பெரும்பாலும் இரண்டு காரியங்களுக்காக வருகிறார்கள். ஒன்று, தேவநாதசுவாமி கோயில் வழிபாடு; மற்றொன்று, திருமணம். முகூர்த்த நாளன்று இவ்வூர்த் தெருவிலே நடந்து பார்த்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஒரு மணமக்கள் மாலையுடன் வெளியே வருவர். அவர்கள் வந்து முடிவதற்குள் அடுத்த மணமக்கள் உள்ளே நுழைவர். ஒரு நாதசுரம் ஓய்வதற்கு முன்பே மறு நாதசுரம் ஒலிக்கும். நாம் இன்று கூடியிருப்பது வழிபாட்டுக்கும் அன்று, திருமணத்துக்கும் அன்று. பணத்தைப் பற்றிப் பேசக் கூடியிருக்கிறோம். பணம் திரட்டுவதைப் பற்றியன்று. பணத்தின் முன்னால் நாம் எப்படி நிற்கிறோம் என்பதைப் பற்றி.

இந்தத் தலைப்பை எனக்குக் கொடுத்தபோது தோழர்கள், "எளிய தலைப்புத்தான், ஊழியர்களுக்கு வேண்டிய தலைப்பு" என்றனர். வேண்டிய தலைப்பு என்பதை ஒப்புகிறேன். எளிய தலைப்பு என்பதை ஒப்ப முடியவில்லை. பணத்துக்கு விலைபோகலாம் என்று எந்த மேடையிலாவது, எந்தக் கட்சிக்காரராவது பேசக் கேட்டதுண்டா? இல்லை. எல்லோரும் நேர்மையைத்தான் பேசுகிறார்கள். எல்லோரும் கைதட்டுகிறார்கள். ஆயினும் நாட்டிலே நடப்பது என்ன? பேசியவரும் விழுகிறார், கைதட்டியவரும் விழுகிறார். அவர்கள் எல்லோரும் பிறவியிலேயே கயவர்களா? அப்படிச் சொல்ல என் மனம் இடங்கொடுக்கவில்லை. நல்லவர்களாக வந்தவர்கள்தாம் பலர். பின் ஏன் விழுந்தனர்? அந்தக் கேள்விக்கு விடை காணவே இன்று உங்கள் நேரத்தைக் கேட்கிறேன்.

புழு என்றார்!

விடை தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. இந்த ஊரிலேயே தொடங்கலாம்.

வேதாந்த தேசிகர் என்னும் வைணவ ஆசாரியர் இவ்வூரிலே பல்லாண்டு வாழ்ந்தார் என்பது மரபு. அவர் வெட்டிய கிணறு என்று ஒன்றை இன்றும் இங்கே காட்டுகின்றனர். 1268-இல் காஞ்சியை அடுத்த தூப்புலில் பிறந்தவர். வடமொழியிலும் தமிழிலும் பிராகிருதத்திலும் நூல் செய்தவர். அவருடைய சமயக் கொள்கையை ஏற்போரும் இக்கூட்டத்தில் இருக்கலாம், ஏற்காதோரும் இருக்கலாம். அந்த வழக்கை நான் இன்று எடுக்கவில்லை. வழக்கு வேறு, வாழ்க்கை வேறு. நம்மோடு கொள்கையில் மாறுபட்டவரிடமும் ஒழுக்கம் கண்டால் எடுத்துச் சொல்வதுதான் பகுத்தறிவு.

தேசிகர் வீடுதோறும் சென்று அரிசி பெற்று உண்டவர். அன்றன்றைக்கு வேண்டியது மட்டும். மறுநாளைக்குச் சேமிப்பு இல்லை. அவருடைய வறுமையைக் காணப் பொறுக்காத செல்வர் சிலர், நேரே கொடுத்தால் வாங்கமாட்டார் என்று அறிந்து, அரிசியோடு பொற்காசுகளைக் கலந்து இட்டார்களாம். வீட்டுக்கு வந்து அரிசியைக் கொட்டியபோது அம்மையார், "இதிலே ஏதோ மின்னுகிறதே, என்ன இது?" என்று கேட்டார். தேசிகர் பார்த்தார். "அவை புழுக்கள்" என்று சொல்லி அகற்றிவிட்டு, அரிசியை மட்டும் எடுத்துக்கொண்டார். வைணவ மரபு சொல்லிவரும் கதை இது.

இன்னொரு செய்தியும் உண்டு. விசயநகரப் பேரரசிலே செல்வாக்குடன் இருந்த வித்தியாரண்யர், அரசவைக்கு வருமாறும் அங்கே வேண்டிய செல்வம் கிட்டும் என்றும் தேசிகருக்கு அழைப்பு விடுத்தார். வந்த மறுமொழி வடமொழியிலே ஐந்து பாடல்கள். 'வைராக்கிய பஞ்சகம்' என்பது அதன் பெயர். வயிற்றுக்கு எவ்வளவு வேண்டும், உடலை மூட எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் பார்த்தவர், அதற்காக ஓர் அரசனின் வாயிலிலே நிற்க வேண்டியதில்லை என்று முடிவுகட்டிவிட்டார்.

தோழர்களே! இவ்விரண்டு செய்திகளிலே எது கடினமான சோதனை? அரசவை அழைப்பை மறுத்ததுதான் பெரிது என்று தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அரசவை அழைப்பு வெளிப்படையாக வந்தது. இது பொன், இது பதவி, இதற்கு விலை இது என்று முகத்துக்கு நேரே தெரிந்தது. தெரிந்த பகையோடு போரிடுவது எளிது. அரிசியோடு கலந்து வந்ததே அந்தப் பொற்காசு, அதுவே கொடிய சோதனை! ஏனெனில், அரிசி அவருக்கு உரியது. கொடுத்தவர் பகைவர் அல்லர், அன்பர். கேட்டது எதுவும் இல்லை. வீட்டிலோ வறுமை. 'அன்பாகக் கொடுத்ததுதானே' என்று வைத்துக்கொண்டிருந்தால் ஊரில் ஒருவரும் குறை சொல்லியிருக்கமாட்டார்.

நல்லவன் விழுவது எங்கே என்ற கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. பணம் பொற்காசாக வந்து நல்லவனை வீழ்த்துவதில்லை. அரிசியோடு கலந்து வந்து வீழ்த்துகிறது.

மொய்ப் புத்தகத்தில் ஒரு வரி

நம் வாழ்க்கைக்கு வருவோம். ஒரு கிளைச் செயலாளரை எண்ணிக்கொள்ளுங்கள். உழைப்பாளி. இருபது ஆண்டு கொடி பிடித்தவர். சுவரெழுத்து எழுதியவர், கூட்டத்துக்குப் பந்தல் கால் நட்டவர். அவருக்கு ஒரு மகள். இவ்வூரிலேயே திருமணம். மண்டபத்துக்குப் பணம், சமையலுக்குப் பணம், நகைக்குப் பணம் என்று அலைகிறார். அப்போது ஒப்பந்தக்காரர் ஒருவர் வருகிறார். "அண்ணே, உங்கள் மகள் என் மகள் மாதிரி. மண்டபச் செலவு என்னுடையது. நீங்கள் ஒன்றும் எனக்குச் செய்ய வேண்டாம்" என்கிறார். இலஞ்சம் என்று சொன்னாரா? இல்லை. ஏதேனும் கேட்டாரா? இல்லை. மொய்ப் புத்தகத்திலே ஒரு வரி, அவ்வளவுதான்.

ஆறு மாதம் கழிகிறது. அந்த ஒப்பந்தக்காரர் போட்ட சாலை ஒரு மழைக்குப் பெயர்ந்துவிடுகிறது. ஊர் மக்கள் திரண்டு வருகிறார்கள். "நீங்கள்தாம் பேச வேண்டும்" என்று நம் செயலாளரிடம் சொல்கிறார்கள். அவர் வாயைத் திறக்கிறார்; சொல் வரவில்லை. மகளின் மணப்பந்தல் கண்முன் நிற்கிறது. "பார்ப்போம், விசாரிப்போம்" என்கிறார். அன்றைக்கு அவர் தம் கொள்கையை விற்றாரா? அவரைக் கேட்டால், 'இல்லை' என்று சத்தியம் செய்வார். உண்மையாகவே செய்வார். அவர் விற்றது கொள்கையை அன்று. ஒரு நாள் மௌனத்தை. ஆனால் தோழர்களே, பொதுவாழ்வில் இருப்பவனுடைய கொள்கை பேச வேண்டிய நாளிலே பேசுவதுதான்; வேறென்ன?

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவரை வீழ்த்தியது அவருடைய தீய குணமன்று. நல்ல குணம்! செய்ந்நன்றி மறவாமை என்று நாம் போற்றும் அந்தப் பண்பின் வழியாகத்தான் பணம் உள்ளே நுழைந்தது. நன்றியில்லாதவனுக்குப் பணம் கொடுத்து என்ன பயன்? வாங்கிக்கொண்டு மறந்துவிடுவான். நன்றியுள்ளவனைத் தேடித்தான் அந்தப் பணம் வருகிறது. ஆகவே, நான் நல்லவன், என்னை எவராலும் விலைக்கு வாங்க முடியாது என்று இறுமாந்திருக்கும் தோழருக்குச் சொல்கிறேன்: நீங்கள் நல்லவர் என்பதால்தான் உங்களுக்கு ஆபத்து.

உரியது எது?

அப்படியானால், எவரிடமும் எதுவும் பெறாமல் காட்டுக்குப் போய்விட வேண்டுமா? அதை நான் சொல்லவில்லை. தேசிகர் அரிசியை எறியவில்லை. காசைத்தான் எறிந்தார். உரியதைப் பெறுவது இழிவன்று. உரியது எது என்று அறியாமல் பெறுவதே இழிவு.

நம் சங்க இலக்கியத்திலே பெருஞ்சித்திரனார் என்றொரு புலவர் உண்டு. அவருடைய வீட்டு வறுமையைப் புறநானூறு சொல்கிறது. படிப்பவர் கண் கலங்கும். அந்தப் புலவர் அதியமான் நெடுமானஞ்சியிடம் பரிசில் வேண்டிச் சென்றார். அதியமானோ அவரை நேரிலே காணாமல் பரிசிலை மட்டும் அனுப்பிவைத்தான். வாங்கவில்லை புலவர். பசித்த பிள்ளைகள் வீட்டிலே காத்திருக்க, வெறுங்கையோடு திரும்பத் துணிந்தார். அதியமான் தீயவனா? ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த வள்ளல்! பரிசில் பெறுவது தவறா? அது புலவரின் தொழிலுக்குரிய முறை. பின் ஏன் மறுத்தார்? தம் புலமையைக் கண்டு, கேட்டு, மதித்துக் கொடுத்தால் அது பரிசில். காணாமல் எறிந்தால் அது விலை. பரிசிலுக்கும் விலைக்கும் உள்ள வேறுபாட்டைப் பசியோடு நின்றுகொண்டே அறிந்த நெஞ்சம் அது.

வீட்டை விற்ற வீராங்கனை

'அந்தக் காலம் வேறு. புலவரும் ஆசாரியரும் வேறு. பொதுவாழ்விலே, தேர்தலிலே, போராட்டத்திலே நிற்பவர்களுக்கு இது நடக்குமா?' என்று கேட்கலாம். கடலூர்க்காரர்கள் கேட்கக் கூடாத கேள்வி அது.

இங்கிருந்து சில கல் தொலைவிலே கடலூர் முதுநகர். அங்கே 1890-இல் பிறந்தவர் அஞ்சலையம்மாள். 1921-இல் ஒத்துழையாமை இயக்கத்திலே குதித்தார். 1927-இல் சென்னையிலே, 1857 எழுச்சியைக் கொடுமையாக ஒடுக்கிய நீலனின் சிலையை அகற்றும் போராட்டம் நடந்தபோது, சிறுமியாயிருந்த தம் மகளையும் உடனழைத்துச் சென்று சிறைபுகுந்தார். 1930-களின் தொடக்கத்தில் மீண்டும் சிறை. அப்போது நிறைமாதக் கருவுற்றிருந்தார். பேறுகாலத்துக்காக வெளியே விட்டார்கள், பிள்ளை பெற்றார், கைக்குழந்தையை ஏந்திக்கொண்டு மறுபடியும் சிறைக்குச் சென்றார். 1937-இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1961-இல் மறைந்தார்.

அந்த அம்மையார் பொதுவாழ்வுக்கு வந்து ஈட்டியது என்ன? இழந்ததைத்தான் சொல்ல முடியும். குடும்பச் சொத்தையும் குடியிருந்த வீட்டையும் விற்றுப் போராட்டத்துக்குச் செலவிட்டார். கொள்கையை விற்று வீடு வாங்குவோரைக் காணும் நாட்டிலே, வீட்டை விற்றுக் கொள்கையைக் காத்தவர் நம் ஊர்க்காரர்! வெள்ளையர் ஆட்சியிலே ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதினால் சிறை இல்லை. அடங்கியிருந்தால் வீடு விற்க வேண்டியதில்லை. மடியிலே குழந்தை. எந்தத் தாயும், 'குழந்தைக்காக' என்று ஒரு காரணம் சொல்லியிருக்கலாம், உலகமும் ஒப்பியிருக்கும். குழந்தைக்காக என்பது எவ்வளவு நல்ல அரிசி! அதற்குள்ளே இருந்த காசை அவர் கண்டார், ஒதுக்கினார்.

வாங்கியவருக்குக் காப்பு!

இனி நாம் வாழும் காலத்துக்கு வருவோம். 1993 சூலையிலே நாடாளுமன்றத்தில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் ஒன்று வந்தது. தீர்மானத்தைத் தோற்கடிப்பதற்காக உறுப்பினர் சிலர் பணம் பெற்றதாக வழக்கு எழுந்தது. 1998-இல் உச்ச நீதிமன்றம் என்ன தீர்ப்பளித்தது தெரியுமா? பணம் பெற்றுக்கொண்டு அதன்படியே வாக்களித்தவருக்கு, உறுப்பினர் என்ற முறையிலே சட்டக் காப்பு உண்டு. பணம் பெற்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்டும் வாக்களிக்காமல் இருந்தவருக்குக் காப்பு இல்லை என்று ஆயிற்று! வாங்கிய காசுக்கு நாணயமாக நடந்தவருக்குப் பாதுகாப்பு. நாணயம் தவறியவருக்கு வழக்கு! 26 ஆண்டுகள் அந்தத் தீர்ப்பு நின்றது. 2024 மார்ச் 4-ஆம் நாள்தான் ஏழு நீதிபதிகள் கொண்ட ஆயம் அதை மாற்றியது. இலஞ்சம் கைமாறிய அப்பொழுதே குற்றம் முடிந்துவிட்டது. அதன் பிறகு எப்படி வாக்களித்தார் என்பது பொருட்டன்று என்று தெளிவாக்கியது.

இதைக் கேட்டு நகைக்கிறோம். ஆனால் தோழர்களே, அந்தப் பழைய தீர்ப்பின் மனப்பான்மை நம் தெருக்களிலேயே இல்லையா? தேர்தல் நாளுக்கு முன் இரவு. மின்விளக்கு அணைகிறது. வீட்டு வாயிலிலே கவர் வருகிறது. வாங்கியவர் என்ன சொல்கிறார்? "வாங்கிவிட்டோம், போடாமல் இருந்தால் துரோகம். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டாமா?" என்கிறார். சத்தியம் வாங்கிக்கொண்டு கொடுத்த கதைகளும் நாம் கேட்டவையே. ஏழை மக்களின் நாணயத்தை, வாக்குத் தவறாமை என்னும் அவர்களுடைய பெருமையை, அவர்களுக்கு எதிராகவே திருப்பிவிடும் சூழ்ச்சி இது! பசியை மட்டும் பயன்படுத்துகிறார்கள் என்று நினைக்காதீர்கள்; பண்பையும் பயன்படுத்துகிறார்கள்.

கணக்குப் பார்ப்போம். ஓர் ஓட்டுக்கு 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாண்டுக்கு 1,826 நாள். ஒரு நாளைக்கு 55 காசு. பள்ளிக்கூடம், மருத்துவமனை, குடிநீர், சாலை, கெடிலத்தின் கரை ஆகிய அனைத்தையும் பற்றிக் கேட்கும் உரிமைக்கு நாளொன்றுக்கு 55 காசு! அதைக் கொடுத்தவன் பின்னர் கேட்பதெல்லாம் நம் ஒப்பந்தக்காரர் கேட்டதுதான்: பேச வேண்டிய நாளிலே மௌனம்.

சட்டம் இல்லையா? உண்டு. தேர்தல் இலஞ்சம் 1920-லேயே இந்திய தண்டனைச் சட்டத்தில் குற்றமாகச் சேர்க்கப்பட்டது. 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் 170-ஆம் பிரிவு அதுவே. கொடுப்பவர் மட்டுமன்று, பெறுபவரும் குற்றவாளி. ஆணையமும் வாளாவிருக்கவில்லை. 2009-இல் திருமங்கலம் இடைத்தேர்தல் இந்த நோய்க்கே பெயர் தந்தது. 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர். 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர்; 2019 ஏப்ரலில் வேலூர் மக்களவைத் தொகுதி. 2016 முதல் பணப் புழக்கத்தால் நிறுத்தப்பட்ட தேர்தல்களின் பட்டியல் இது. தமிழன் தலைநிமிர்ந்து படிக்கக்கூடிய பட்டியலா?

புறங்கைத் தேன்

இதைச் சொல்லிவிட்டு மக்களைக் குறைகூறி இறங்கிவிட்டால் நான் கோழையாவேன். கேட்கிறேன்: அந்தக் கவரை வீட்டு வாயிலுக்குக் கொண்டுசெல்பவர் யார்? பணமூட்டைக்குக் கால் முளைத்தா நடந்து வருகிறது? வாக்காளர் பட்டியலைத் தெரிந்தவர், தெருவைத் தெரிந்தவர், எந்த வீட்டில் எத்தனை ஓட்டு என்று தெரிந்தவர் யார்? ஏதோ ஒரு கட்சியின் ஊழியர். நம்மைப் போன்றவர்! அவரும் தீய எண்ணத்தோடு தொடங்குவதில்லை. "எதிரி கொடுக்கிறான்; நாம் கொடுக்காவிட்டால் கொள்கை தோற்றுவிடும்" என்றுதான் தொடங்குகிறார். கொள்கைக்காக என்னும் அரிசி, அதற்குள்ளே காசு. தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா? முதல் தேர்தலிலே கொள்கைக்காகப் பங்கிட்டவர், அடுத்த தேர்தலிலே பங்கிடுவதற்காகவே கொள்கை பேசுவார். அதற்கும் அடுத்த தேர்தலில், எந்தக் கொள்கைக்குப் பங்கிடக் கிடைக்கும் என்று பார்ப்பார்.

அது மட்டுமன்று. ஓட்டுக்குப் பணம் கொடுத்த ஊழியர், மறுநாள் எந்த முகத்தோடு அந்த வீட்டுக்குச் சென்று, 'போராட வாருங்கள்' என்று அழைப்பார்? கணக்குத் தீர்ந்துவிட்டதே! வாங்கியவர் வாய் மட்டுமா அடைபட்டது? கொடுத்தவர் வாயும் அடைபட்டுவிட்டது.

காசு கையிலே, பசி வயிற்றிலே

எதிர்ப்பக்கமும் உண்டு. தோழர் ஜீவாவைப் பற்றி ஒரு செய்தியைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். கட்சிக்காகத் திரட்டிய நிதிப்பையைக் கையிலே வைத்துக்கொண்டு, சாப்பிடக் காசில்லாமல் இரயில் நிலையத்திலே பசித்திருந்தாராம். பையிலே இருக்கிறதே என்று கேட்டவருக்கு, அது மக்கள் கொடுத்த பணம் என்று விடை சொன்னாராம். 1963-இல் அவர் மறைந்தார். அறுபதாண்டு கடந்தும் அந்தச் செய்தி மட்டும் மறையவில்லை.

கட்சி வேறாயினும் பண்பு ஒன்று என்பதற்கு இன்னொருவர் கக்கன். அரசியல் நிர்ணய சபை உறுப்பினர், நாடாளுமன்ற உறுப்பினர், 1957 முதல் 1967 வரை மாநில அமைச்சர். பொதுப்பணி, காவல் என்று பெரும் துறைகள் அவர் கையிலே இருந்தன. 1967-இல் தோற்றார். பின்னர் நோய்வாய்ப்பட்டு மதுரை அரசு மருத்துவமனையின் சாதாரணப் பிரிவிலே கிடந்தார். வேறொருவரைக் காணவந்த முதலமைச்சர் எம்.ஜி.ஆர்., அவர் அங்கே இருப்பதை அறிந்து ஓடோடிச் சென்று கண்டார். 1981 டிசம்பரில் கக்கன் மறைந்தார்.

அண்மைக் காலத்திலும் சான்று உண்டு. தகைசால் தமிழர் விருதின் 10 இலட்சம் ரூபாயை 2021-இல் பெற்ற சங்கரய்யா, அப்படியே முதலமைச்சரின் நிவாரண நிதிக்குக் கொடுத்தார். மறு ஆண்டு பெற்ற நல்லகண்ணு, அந்த 10 இலட்சத்தோடு தம்முடைய 5,000 ரூபாயையும் சேர்த்துக் கொடுத்தார். விருதுப் பணம் அவர்களுக்கு உரிய அரிசிதான். அதையும் பிறருக்கு ஈந்தனர்.

கக்கனின் கதையைக் கேட்டு நாம் பெருமைப்படுகிறோம். கைதட்டுகிறோம். ஆனால் அந்தக் கதையில் அவருக்குப் பெருமை, நமக்கு? பத்தாண்டு அமைச்சராக இருந்து கறைபடாத கையோடு இறங்கிய ஒருவர் கவனிப்பாரற்றுக் கிடக்கும்படி விட்ட சமுதாயத்துக்கு என்ன பெருமை?

இங்கே உரோம நாட்டுச் செய்தி ஒன்றைச் சொல்ல வேண்டும். கி.மு. 280-இல் எப்பிரஸ் மன்னன் பிர்ரஸ் உரோமைப் போரில் வென்றான். சிறைப்பட்டோரை மீட்கப் பேச வந்த உரோமத் தூதர் பப்ரீசியஸ் ஏழை என்று கேள்விப்பட்டு, பொன்னை அள்ளிக் கொடுத்தான். மறுத்தார் தூதர். மறுநாள் திரைக்குப் பின்னால் யானையை நிறுத்திப் பிளிறவைத்து மிரட்டிப் பார்த்தான். "நேற்று உன் பொன்னும் என்னை அசைக்கவில்லை, இன்று உன் விலங்கும் அசைக்கவில்லை" என்னும் கருத்துப்படப் புன்னகையோடு விடை சொன்னார் அவர் என்று புளூட்டார்க் எழுதியுள்ளார். இந்தப் பாதி எல்லோரும் சொல்வது. மறு பாதியைத்தான் நான் சொல்ல விரும்புகிறேன். அவர் மகளிர்க்குச் சீர் கொடுக்கவும் பொருளின்றி இறந்தார். உரோமக் குடியரசு தன் பொதுப் பணத்திலிருந்து அந்த மகளிர்க்குச் சீர் கொடுத்து மணம் முடித்தது என்று பழைய நூலாசிரியர்கள் எழுதிவைத்தனர். பொன்னை மறுப்பது பப்ரீசியசின் கடமை. பப்ரீசியசின் பெண்களைக் காப்பது உரோமின் கடமை!

செய்ய வேண்டியவை

ஆகவே, 'நேர்மையாக இரு' என்று ஊழியருக்கு அறிவுரை சொல்லி நிறுத்துவது பாதி வேலை. மறு பாதி நம் கையிலே இருக்கிறது. மூன்று காரியங்களை இந்தக் கூட்டத்தின் முன் வைக்கிறேன்.

முதலாவது, கணக்கு. கிளைக்கு வரும் ஒவ்வொரு ரூபாயையும் மாதந்தோறும் கிளைக் கூட்டத்திலே உரக்கப் படியுங்கள். கொடுத்தவர் பெயரையும் படியுங்கள். 2018-இல் வந்த தேர்தல் பத்திரத் திட்டத்தை, 2024 பிப்ரவரி 15-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது ஏன்? எந்தக் கட்சிக்கு யார் பணம் கொடுக்கிறார் என்பதை அறிய வாக்காளருக்கு உரிமை உண்டு என்பதால். தில்லியிலே பொருந்தும் நீதி நம் கிளைக்குப் பொருந்தாதா? பெயர் சொல்லக் கூசும் பணம் எதுவோ, அதுவே அரிசிக்குள் கிடக்கும் காசு. வேறு உரைகல் தேவையில்லை.

இரண்டாவது, திருப்பிக் கொடுத்தல். நமக்கு உரியதல்லாத ஒன்று, நமக்குத் தெரியாமலே வந்து சேரலாம். தேசிகர் வீட்டுக்கும் அப்படித்தானே வந்தது? வந்தது குற்றமன்று, கண்ட பின் வைத்திருப்பது குற்றம். அன்றைக்கே, நான்கு தோழர்கள் அறிய, திருப்பிவிடுங்கள். மறைவாகத் திருப்பினால் கொடுத்தவருக்கு மட்டும் தெரியும். வெளிப்படையாகத் திருப்பினால் அடுத்து வரவிருப்பவருக்கும் தெரியும்.

மூன்றாவது, இதுவே தலையானது: தோழரின் வீட்டுக் கவலையைத் தோழர்கள் சுமப்பது. ஒப்பந்தக்காரர் நம் செயலாளர் வீட்டு வாயிலிலே வந்து நின்றது ஏன்? அவருக்கு முன்னால் நாம் அங்கே போய் நிற்கவில்லை! மொய் என்பது என்ன? ஒருவர் சுமக்க முடியாத சுமையை ஊரார் ஆளுக்குக் கொஞ்சம் தாங்கும் ஏற்பாடு. ஆயிரம் பேர் நூறு நூறு ரூபாய் மொய் வைத்தால் நூறாயிரம் ரூபாய். ஒருவருக்கும் அவர் அடிமை அல்லர். ஒரே ஒருவர் நூறாயிரம் வைத்தால், அந்த ஒருவருக்கு அவர் வாழ்நாள் அடிமை. தொகை ஒன்றே, தாலியும் ஒன்றே, மனிதர் மட்டும் வேறாகிவிடுகிறார். ஆகவே, கிளைதோறும் திருமணத்துக்கும் மருத்துவத்துக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் ஒரு கைகொடுக்கும் நிதி வையுங்கள். மாதம் ஐம்பது ரூபாய் போதும். பசித்த தோழனுக்குப் பத்து நாள் சோறு போட முடியாத இயக்கம், அவன் பதினோராவது நாள் விலைபோனான் என்று அவனைத் தூற்றும் உரிமையை இழந்துவிடுகிறது.

இவ்வளவும் செய்த பிறகும் ஒருவர் விழுந்தால், அப்போது கேட்போம் கணக்கு. இவ்வளவும் செய்யாமல் கேட்டால், நாமும் அந்தக் குற்றத்தில் பங்காளிகள்.

தோழர்களே! கூட்டம் முடிந்ததும் நாம் அவரவர் ஊருக்குச் செல்வோம். மண்டபத்துக்கு முன்பணம் கட்ட வேண்டியவர் நம்மிலே இருக்கலாம். மருத்துவமனையிலே தாயை விட்டுவிட்டு வந்தவர் இருக்கலாம். அவருடைய கைப்பேசியிலே, "நான் பார்த்துக்கொள்கிறேன், கவலைப்படாதீர்கள்" என்று ஒரு குரல் இன்றிரவே பேசலாம். அன்பான குரலாகத்தான் இருக்கும். அந்த நேரத்திலே தேசிகரையும் பெருஞ்சித்திரனாரையும் நினைக்கச் சொல்லவில்லை. ஒரே ஒரு வேலை செய்யச் சொல்கிறேன். உடனே விடை சொல்லாதீர்கள். "நாளை சொல்கிறேன்" என்று வைத்துவிட்டு, பக்கத்துத் தெருத் தோழரை எழுப்புங்கள். நடந்ததைச் சொல்லுங்கள். அரிசி எது, காசு எது என்று இருவருமாக உட்கார்ந்து பொறுக்குங்கள்.

எழுப்பப்பட்ட அந்தத் தோழருக்கும் ஒரு சொல்: நடுநிசியானாலும் சரி, கதவைத் திறவுங்கள்.